நான்காம் இடத்துப் பாட்டு

போன மாதம் வானொலி நிலையத்திலிருந்து சுகன்யா என்ற பெண் போன் செய்தாள். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு, ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு சந்தேகம் மட்டும். ஒரு இடத்துக்கு அப்புறம் ஒரே பேரை வரிக்கு வரி எழுதியிருக்கீங்க. பக்கம் பூரா தமிழரசி, தமிழரசின்னு இருக்கு. மேல உள்ளபடின்னு ஒரு குறி போட்டிருந்தா போதுமே. கை வலிக்கலையா சார்?"

வலித்தது. ஆனால் அதன் காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாள்; சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

நான் வானொலிக்காகவே பிறந்தவன் இல்லை. காரைக்காலில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் இருபத்தைந்து வருடம் எழுத்தனாக இருந்தவன். ஊரில் வயதானவர்கள் அந்த இடத்தைப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் நொத்தேர் ஆபீஸ் என்றே கடைசிவரை சொன்னார்கள். அங்கே கற்றது இரண்டே விஷயம். அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு பெயரை ஒரு முறைக்கு மேல் எழுதி மையை வீணாக்கக் கூடாது. 'மேற்படி' என்பதற்குச் சுருக்கமாக 'ஷெ' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஷெ நிலம், ஷெ நபர், ஷெ கிணற்றில் பாதி. ஷெ போடத் தெரியாதவன் எழுத்தனே இல்லை என்பார் என் முதலாளி.

அவர் காலமானபோது எனக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. ஊருக்குப் புதிதாக ஒரு எஃப்.எம். நிலையம் வந்த நேரம் அது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. போட்ட பாட்டையெல்லாம் எழுதி வைக்கப் பொறுப்பான ஆள் வேண்டும் என்றார்கள். என் கையெழுத்தைக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். பாட்டு ஞானம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

வேலை இதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அறிவிப்பாளர் ஒரு தாளில் என்ன பாட்டு, எப்போது போட்டோம் என்று கிறுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அதை நான் லாக் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வாரக் கடைசியில் நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் என்று ஒரு வாரத்தாள் தயாரிக்க வேண்டும். கிழமை, அறிவிப்பாளர், பாட்டு என்று மூன்று கட்டம். ஒரே பாட்டு நாலு தடவை போயிருந்தால் நாலையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்து எழுதுவேன். ஒரு வரி என்றால் ஒரு ஒலிபரப்பு. முதல் வரியில் முழுப்பெயர், கீழே ஷெ, ஷெ, ஷெ. பார்க்கக் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

கிருபாகரன் சார் வந்த பிறகுதான் வேலை கடினமானது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த நிகழ்ச்சி மேலாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மேஜை ஓரத்தில் இடது கையை ஊன்றி, நின்றபடியே தாளைப் படிப்பார். அவர் படித்து முடிக்கும்வரை எதிரே நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் திட்டமாட்டார், முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும்.

வந்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கணபதி சார், இந்த ஊர்ல எந்தப் பாட்டு ஹிட்டு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"யார் எண்ணினது?"

"எண்ணலீங்க சார். பஸ்ஸுல, டீக்கடையில கேக்குறதுதான்."

"டீக்கடை ஆதாரம் இல்ல சார். வெளியூர் நிலையங்கள் எந்தப் பாட்டை எத்தனை தடவை போடுதுன்னு இண்டர்நெட்ல லிஸ்ட் வருது. ஏர்ப்ளே சார்ட்டுன்னு பேரு. வாராவாரம் கொண்டு வாங்க. ரேடியோ தொழில்ல என்ன நடக்குதுன்னு செய்தியும் வேணும். எங்க இருந்து எடுத்தீங்கன்னு கீழ எழுதணும்."

நிலையத்தில் இணைய இணைப்பு அவர் அறையில் மட்டும்தான், அதுவும் வருவதும் போவதுமாக இருக்கும். ஆகவே நான் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நடத்தியது மெஹருன்னிசா. கணவர் சிங்கப்பூரில், இந்தம்மா தனியாளாகக் கடையைக் கவனித்துக்கொண்டார். கணினி எலியைப் பிடிக்கத் தெரியாத எனக்கு அவர்தான் எல்லாம் காட்டினார்.

இன்றைக்குத் தேடினால் வந்து கொட்டுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. 'சார்ட்' என்று அடித்தால் அமெரிக்காவின் பட்டியல் வரும். 'தமிழ்' என்று சேர்த்தால் பாட்டை இறக்கிக்கொள்ளச் சொல்லும் பக்கங்கள் வரும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு பட்டியலைக் கண்டுபிடித்து ஆசையாக எழுதிக்கொண்டு வந்தேன், கிருபாகரன் சார் படித்துவிட்டு, "இது ரெண்டு வருஷம் பழசு சார், அடியில தேதி பாக்கலியா?" என்றார். இன்னொன்றில் கேட்பவர்களே சொடுக்கி ஓட்டுப் போடலாம். ஒரு நடிகரின் ரசிகர் மன்றம் உட்கார்ந்து சொடுக்கியே அவர் பாட்டை மூன்று மாதம் முதலிடத்தில் வைத்திருந்தது. ஒலிபரப்புக் கணக்கு என்றே பெயர் போட்ட ஒன்று இருந்தது. உள்ளே போய்ப் படித்தால் கேசட் கடை விற்பனைக் கணக்கு.

ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன். பக்கத்தின் முகவரி, யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள், நம்பலாமா. ஐந்து கட்டம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நோட்டை நிரப்பினேன். தொழில் செய்திக்குப் பத்திரிகைகளின் வணிகப் பக்கமும் அரசாங்க அறிவிப்புகளும் உதவின. ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் வேறு ஒரு கூட்டம். தூரத்து ஊர் வானொலிகளைப் பிடித்துக் கேட்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். எந்த ஊரில் புதுசாக அலைவரிசை வந்தது, எது நின்றுபோனது என்று தங்கள் பக்கங்களில் எழுதுவார்கள். தன் காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு 'நம்பலாம்' என்று எழுதினேன்.

இன்னொரு பக்கத்துக்கு எதிரேயும் அப்படி எழுதினேன். சிறிய ஊர் நிலையங்களின் வாரத்தாள்களை வரவழைத்து, எந்தப் பாட்டு எத்தனை முறை என்று எண்ணிப் பத்துப் பாட்டு வெளியிடுகிற பக்கம் அது. எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணுவது ஒலிபரப்பை, வாராவாரம் மாறுகிறது. கிருபாகரன் சார் அதைப் படித்துவிட்டு முதல்முறையாகத் தலையை ஆட்டினார். நம் வாரத்தாளையும் அவர்களுக்கு அனுப்பச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கும் அதே தாள் மின்னஞ்சலில் போகட்டும் என்றார். இரண்டு இடத்திலும் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆகவே நான் கையால் எழுதிய தாளை மெஹருன்னிசா அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். அடித்ததை நான் சரிபார்த்தேனா? இல்லை. என் கையெழுத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது என்ற திமிர்தான்.

நாலைந்து மாதம் போயிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு நிலையமும் ஒரு நிகழ்ச்சியைக் குறைக்க வேண்டும். எந்த நிகழ்ச்சியின் பாட்டுகள் வெளிப்பட்டியல் எதிலும் வரவில்லையோ அதை நிறுத்தலாம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் தெரிவிக்கவும். கிருபாகரன் சார் பட்டியலையும் நம் நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 'கரைவலை' நிகழ்ச்சியின் பாட்டு ஒன்றுகூடப் பத்துக்குள் இல்லை.

கரைவலை மதிய நிகழ்ச்சி. மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய பெண்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். நடத்தியது தமிழரசி. கோட்டுச்சேரியிலிருந்து ஞாயிறு தவிர ஆறு நாளும் பஸ்ஸில் வந்து போகிற பெண். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று வாங்குகிற தற்காலிக அறிவிப்பாளர். அந்த ஒரு நிகழ்ச்சிதான் அவளுக்கு. அது நின்றால் அவளும் நின்றாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர்.

அந்த நிகழ்ச்சியின் ராசி ஒரே பாட்டு. பட்டினச்சேரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்து பாடிக் கொடுத்தது. சுறாப்புட்டு கேட்ட மருமகனுக்கு மாமியார் சாக்குச் சொல்கிற பாட்டு. சுறா கிடைக்கவில்லை, பூண்டு உரிக்கவில்லை, அடுப்புப் புகைகிறது என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு சாக்கு. பட்டினச்சேரி செண்பகம் என்ற அம்மாள் தினமும் முதல் ஆளாகப் போன் செய்வார்.

"தாயி, நேத்து போட்டதையே போடு."

"தினம் அதேதானா அக்கா? வேற ஒண்ணு கேக்கலாமுல்ல?"

"வேற ஒண்ண மத்தவ கேப்பா. நீ இத போடு."

கடிதம் வந்த அன்று தமிழரசி என் மேஜைக்கு வந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, அந்த லிஸ்ட்டுல நம்ம பாட்டு ஒண்ணாவது கடைசியிலயாவது இருக்கா, நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா. இல்ல."

"தினம் போடுறோமே அண்ணே."

நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் நோட்டில் 'நம்பலாம்' என்று எழுதியவனும் நான்தானே. பட்டியல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதே பட்டியலில் இன்னொரு தொல்லை. நான்காம் இடத்தில் எஸ், எச், ஈ என்று மூன்றே எழுத்தில் ஒரு பாட்டு. ஷீ. பாடியவர் பெயர் இல்லை, படம் பெயர் இல்லை. நான்கு வாரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. கிருபாகரன் சாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஊரெல்லாம் போடுற பாட்டு நம்மகிட்ட இல்லைன்னா எப்படி சார்? கண்டுபிடிங்க."

தேடினேன். மெஹருன்னிசா கடையில் மூன்று நாள் பழியாகக் கிடந்தேன். கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரர்களின் பாட்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதை யார் போடப் போகிறார்கள்? கேசட் கடையில் விசாரித்தேன். "இங்கிலீஷ் பாட்டெல்லாம் நமக்கெதுக்கு சார் இந்த வயசுல?" என்று கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கே மின்னஞ்சல் எழுதினேன். நான்காம் இடத்துப் பாட்டு எந்தப் படம், பாடியவர் யார், தயவுசெய்து தெரிவிக்கவும்.

புதன்கிழமை பதில் வந்தது. மெஹருன்னிசாதான் படித்துத் தமிழில் சொன்னார்.

"அண்ணே, அந்தப் பாட்டு வேற எந்த ஊர்லேருந்தும் வரலியாம். உங்க ஸ்டேஷன் தாள்ல மட்டும்தான் வருதாம். பாடுனவங்க யாருன்னு நீங்கதான் சொல்லணுமாம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தாங்களாம்."

"நாம அனுப்புனதா? நாம எங்கம்மா ஷீ போட்டோம்?"

அவர் பழைய தாள்களைத் திரையில் திறந்து காட்டினார். கரைவலை. திங்கள், சுறாப்புட்டு. செவ்வாய், ஷீ. புதன், ஷீ. வியாழன், ஷீ. பக்கத்தில் என் கையெழுத்துத் தாளை வைத்தேன். சுறாப்புட்டு. ஷெ. ஷெ. ஷெ.

"நீங்க எழுதுனத எழுதுனபடி அடிச்சேன் அண்ணே. ஷென்னு இருந்துச்சு, எஸ் எச் ஈ போட்டேன். இங்கிலீஷ் பாட்டும் போடுறீங்க போலன்னு நெனச்சேன். ஏன், தப்பா?"

தப்பு அவருடையது இல்லை. பத்திரம் எழுதுகிற ஆபீஸைத் தாண்டி அந்த எழுத்து யாருக்குத் தெரியும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வெண்ணெய்க்கு வேறு பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரில் மூன்று நாள் ஊரெல்லாம் விசாரித்திருக்கிறேன். எந்தப் பாட்டு எத்தனை முறை போனாலும் அதன் பெயருக்கு ஒன்றுதான் சேர்ந்திருக்கிறது. மீதியெல்லாம் ஷீ கணக்கில். சினிமாப் பாட்டுகளுக்கு மற்ற ஊர்க் கணக்கு கைகொடுத்தது. சுறாப்புட்டை எங்களைத் தவிர யார் போடுவார்கள்? அதிகம் கேட்கப்பட்ட பாட்டு என்பதாலேயே அதிகம் ஷெ வாங்கி அது காணாமல் போயிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காக எழுதினால் ஷீ தானாகப் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லை. அரை மணி நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்கிற பெரிய மனதெல்லாம் இல்லை. "நல்லா பாத்தீங்களா" என்று அவள் கேட்டது காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

மூன்று தாளை எடுத்துக்கொண்டு கிருபாகரன் சார் அறைக்குப் போனேன். என் கையெழுத்து, ஆங்கிலத்தில் அடித்தது, பட்டியல். அவர் கையை ஊன்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பாதியில் என்னால் பொறுக்க முடியாமல், "சார், அது வந்து" என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

முடித்ததும் குரல் இறங்கியது. "யார் எண்ணினது?"

"அவங்கதான் சார். எண்ணக் குடுத்தது நான்."

ஷெ என்றால் என்ன என்று விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் பாட்டுக் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. அறிவிப்பாளர் கட்டம். அங்கே திங்கள் தமிழரசி. செவ்வாய் ஷீ. புதன் ஷீ. சனிவரை ஷீ.

"இது யாரு?"

அந்தக் கட்டத்தை நான் அதுவரை பார்க்கவே இல்லை.

"தமிழரசி சார்."

"இது?"

"அதுவும் தமிழரசி."

"ஹெட் ஆபீஸுக்கும் இதே தாள்தானே போகுது? அவங்க வாரத்துக்கு ஒரு நாள் வர்ற ஆளுன்னுல்ல நெனச்சிருக்காங்க. மத்த நாள் 'அவள்'னு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல படிச்சா சரியா இருக்கு, அதான் ஒருத்தனும் கேக்கல." தாளை மேஜையில் வைத்தார். "நானும் கேக்கல."

அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வியாழக்கிழமை பூராவும் கடந்த மாதங்களின் வாரத்தாள்களை முழுப்பெயரோடு திரும்ப எழுதினேன். நான் எழுத எழுத மெஹருன்னிசா அடித்தார். ஒவ்வொரு தாளையும் வரிவரியாகச் சரிபார்த்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கூடவே கிருபாகரன் சார் தன் கைப்பட ஒரு கடிதம் வைத்தார். அதில் என் பெயரைப் போடவில்லை. 'எங்கள் பிழை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

தமிழரசியிடம் நானே சொன்னேன். பாட்டுக்கு நடந்ததைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்துக் கட்டத்தில் அவள் பெயருக்கு நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஆறு நாளு பஸ் புடிச்சு வர்றேன் அண்ணே. ஒரு நாளுதான் நான் தமிழரசியா? மீதி அஞ்சு நாளு யாரு?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். திருத்தி எழுதிய தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அடுத்த வாரப் பட்டியலில் ஷீ இல்லை. சுறாப்புட்டு ஒன்பதாம் இடத்தில் இருந்தது. கரைவலையை நிறுத்தவில்லை, ஒரு மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்தார்கள், வேறு ஏதோ நிகழ்ச்சி போனது. நான் ஓய்வு பெற்ற அன்றும் தமிழரசிதான் மதியம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டியல் வந்த அன்று, ஒன்பதாம் இடம் என்று அவள் அறிவித்தபோது செண்பகத்தம்மாள் போனில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. "அப்ப நம்மளவிட நல்லதா எட்டு பாட்டு இருக்குங்கிறியா? எங்க, போட்டுக் காட்டு பாப்போம்."

சுகன்யா, கை வலித்ததா என்று கேட்டாய். மீதியிருந்த மாதங்களில் லாக் புத்தகத்திலும் வாரத்தாளிலும் எதற்கும் நான் ஷெ போடவில்லை. அந்தப் பக்கங்களை நீயும் சுருக்காதே, உள்ளபடி அடி. அதற்கு முந்தைய புத்தகங்களில் நிறைய ஷெ வரும். அவற்றை மட்டும் நீயாக எதுவும் அடித்துவிடாமல் எனக்குப் போன் செய். ஒவ்வொன்றும் யார் என்று சொல்கிறேன்.